அந்த 7 வீதம் எங்கே போகிறது?

ஆடைத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களுக்கு அடிக்கடி பயிற்சி வகுப்பு வைப்பார்கள். அப்படியொரு வகுப்பில், கொழும்பிலிருந்து வந்திருந்தவர் வெள்ளைப் பலகையில் ஒரு தராசை வரைந்தார். ஒரு தட்டில் ஊழியர் ஆரோக்கியம், மறுதட்டில் உற்பத்தித்திறன். இரண்டும் சமமாக நிற்கவேண்டும், அதுதான் நல்ல நிர்வாகம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தப் படம் பிடிக்கவில்லை. வகுப்பு முடிந்து தேநீர் குடித்து வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை.

தராசு என்றால் ஒரு தட்டு ஏற மறுதட்டு இறங்கவேண்டும். பெண்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்தால் துண்டு குறையும், துண்டு கூடவேண்டும் என்றால் கொஞ்சம் இடுப்பு நோகத்தான் செய்யும் என்பதுதான் அந்தப் படத்தின் உள்ளர்த்தம். முகாமையாளர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. இந்தப் பெண்களுக்காகப் பேச வருகிறவர்களும் அதே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள், பிடிக்கிற தட்டு மட்டும் வேறு. இரண்டு தரப்பும் ஒரே படத்தை ஏற்றுக்கொண்டு சண்டை பிடிக்கும்போது, அந்தப் படம் சரியா என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது.

நான் மட்டக்களப்பில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் 'வேர்க் ஸ்டடி'யில் இருக்கிறேன். தையல்காரப் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டொப் வோச்சும் அட்டையுமாக நின்று, ஒரு துண்டுக்கு எத்தனை வினாடி என்று எழுதுகிற ஆள். எங்களை யாருக்கும் பிடிக்காது. "வாறா, வாறா" என்று ஒரு முணுமுணுப்பு லைன் முழுக்கப் போகும், உடனே கைகளின் வேகம் மாறும். பயந்தவள் ஓடுவாள், கெட்டிக்காரி ஆறப்போடுவாள். எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி.

பலகையில் எழுதும் எண்

ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு பலகை இருக்கும். மணித்தியாலத்துக்கு எத்தனை துண்டு டார்கட், எத்தனை வந்தது, எத்தனை வீதம். எண் நல்லதென்றால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கணக்கு எளிது. ஒரு வேலைக்கு 0.6 நிமிடம் என்று நிர்ணயித்திருந்தால், ஒரு மணித்தியாலத்தில் 100 துண்டு தைப்பவள் 100 வீதம், 60 தைப்பவள் 60 வீதம். அந்த நிர்ணயித்த நிமிடத்துக்கு எங்கள் வாயில் எஸ்.எம்.வி. என்று பெயர். ஒரு சட்டைக்கு மொத்தம் எத்தனை எஸ்.எம்.வி. என்பதை நிமிடத்துக்கு இவ்வளவு என்ற விலையால் பெருக்கித்தான் வெளிநாட்டு வாங்குநருடன் பேரம் பேசுகிறார்கள். அதனால்தான் ஒரு வினாடிக்கும் சண்டை.

வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இந்த 0.6-க்குள் இருக்கிறது. கடிகாரத்தில் அளந்த நேரத்தை அப்படியே இலக்காக வைப்பதில்லை. மனிசர் தண்ணீர் குடிப்பார்கள், மலசலகூடம் போவார்கள், களைப்பார்கள் என்று அதற்கு மேலே ஒரு பங்கு சேர்க்கிறோம். சர்வதேச தொழில் அமைப்பின் கையேட்டில் உள்ள அட்டவணையை இந்தத் தொழில் படிக்கும் எல்லாரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5 வீதம், பெண்களுக்கு 7 வீதம். அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4 வீதம். நின்றுகொண்டு செய்தால் இவ்வளவு, சத்தத்துக்கு இவ்வளவு, வெளிச்சம் குறைந்தால் இவ்வளவு, வெக்கைக்கு இவ்வளவு என்று பட்டியல் இன்னும் நீளும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை எண் கொஞ்சம் மாறலாம். ஆனால் ஒன்றுமே சேர்க்காமல் எஸ்.எம்.வி. போடுகிறவர் கிடையாது.

ஆக, அவளுடைய உடம்பு கணக்குக்கு வெளியே நிற்கவில்லை. வாங்குநர் கொடுக்கும் விலைக்குள்ளேயே அவள் எழும்பிப் போய்வரும் நேரமும் இருக்கிறது. அந்தத் தராசுப் படத்தில் எனக்கு இடறியது இதுதான் என்று பிறகு விளங்கியது. ஆரோக்கியம் மறுதட்டில் இல்லை, உற்பத்தி என்று நாங்கள் எழுதும் எண்ணுக்குள்ளேயே அதற்கு ஒரு பங்கு ஒதுக்கியாயிற்று. பிறகு அந்தப் பங்கு யாரிடம் போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி.

கச்சான் காலம்

ஆனி, ஆடியில் கச்சான் காற்று தொடங்கினால் மட்டக்களப்பில் பகல் பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும் காற்று, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டுச் சூடாக வந்து முகத்தில் அடிக்கும். தகரக் கூரைக் கட்டடத்துக்குள் நூற்றுக்கணக்கான மெஷின், மேலே விளக்கு, கடைசியில் நீராவி அயன். சுவரில் தண்ணீர் ஓடும் கூலிங் பேட் வைத்திருக்கிறார்கள். கச்சான் நாளில் காற்று காய்ந்திருப்பதால் அது உண்மையில் நன்றாக வேலை செய்யும். மழைக்கு முந்திய புழுக்க நாட்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பேட் எவ்வளவு நனைந்தாலும் பிரயோசனமில்லை. இந்த வித்தியாசம் கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். பெங்களூரில் ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய குழல் விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. போட்டார்கள். நோக்கம் மின்கட்டணம் குறைப்பது. பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் போய் உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்தபோது, வெக்கை நாட்களில் லைன்களின் எஃபிசியன்சி, அதாவது பலகையில் எழுதும் அந்த வீதம், முன்புபோல் விழாமல் நின்றது தெரியவந்தது. தலைக்கு மேலிருந்த சூடு குறைந்ததுதான் காரணம். அந்த ஆதாயத்தையும் சேர்த்துப் பார்த்தால், விளக்குக்குப் போட்ட முதல் எதிர்பார்த்ததைவிட வெகு கெதியில் திரும்பி வந்துவிடுகிறது. ஒருவரும் ஊழியர் நலனுக்காக அந்த விளக்கை வாங்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. யாரும் நல்லவராக இல்லாமலே நடந்த நன்மை.

நான் சொல்லவந்தது கச்சான் காலத்தில் எங்கள் சட்டை லைன் ஒன்றில் நடந்தது. காலை எட்டிலிருந்து பத்து வரை பலகை பச்சை. பதினொன்றுக்குப் பிறகு சிவப்பு. சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் எழும்பும், மூன்று மணிக்கு மறுபடி விழும். நாளுக்கு நாள் இதே கதை. சுப்பவைசர் "கதை கூடிப்போச்சு மிஸ், கண்டிக்கணும்" என்றாள். மனேஜர் சேர், கொலர் பூட்டும் இடத்தில்தான் முடக்கம், போய் அளந்து பார் என்று அனுப்பினார்.

கொலர் பூட்டுவது அந்த லைனிலேயே கடினமான வேலை. அதைச் செய்பவர் நாற்பதைக் கடந்த ஒருவர். லைனில் எல்லாரும் 'கொலர் அக்கா' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு அங்கால், படுவான்கரைப் பக்கம். முன்பு படகுப் பாதையில் ஏறிக் கரைமாற வேண்டியிருந்த ஊர்கள் அவை. 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகுதான் கம்பெனி பஸ் அங்கு நேரே போய் ஆள் ஏற்ற முடிந்தது. பாலம் வந்ததால் வேலை வந்தது, வேலை வந்ததால் விடிய நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டவேண்டி வந்தது. பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடும் கட்டிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

நான் பின்னால் நின்று அளந்தேன். பத்தரை வரை கை ஒரே தாளத்தில் ஓடியது. அதற்குப் பிறகும் கை வேகம் குறையவில்லை, அதுதான் விசித்திரம். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்னத் தடுமாற்றம் சேர்ந்தது. கழுத்தின் நடு அடையாளமும் கொலரின் நடு அடையாளமும் ஒருமுறையில் பொருந்தாமல் இரண்டாம் முறை எடுத்துப் பொருத்துகிறார். சில துண்டைத் தைத்துவிட்டுப் பிரிக்கிறார். கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கம். மெஷினுக்குக் கீழே ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். காலையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருந்தது.

"அக்கா, தண்ணி குடிக்கல்லயா?" என்றேன்.

"குடிச்சா போகணும் மிஸ்."

"போகலாந்தானே. ஆரும் மறிக்கல்லயே?"

மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "மறிக்கல்ல. நான் எழும்பினா இதில குமியும். அங்கால ரெண்டு புள்ளையளும் துண்டு இல்லாம கையக் கட்டிக்கிட்டு இரிக்கும். டார்கட் போனா இன்சென்டிவ் எனக்கு மட்டுமா போகும், லைனுக்கே போகும். சுப்பவைசர் ஏசினா தாங்கலாம் மிஸ். அந்தப் புள்ளையள் ஒண்டும் பேசாம என்னப் பாக்கிறதத் தாங்கேலா."

அவ்வளவுதான். அடுத்த துண்டை எடுத்துவிட்டார். மலசலகூடம் போகக் கூடாது என்று எங்கள் தொழிற்சாலையில் எந்த விதியும் இல்லை. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942-ஆம் ஆண்டிலேயே குடிநீர், காற்றோட்டம், மலசலகூடம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. வாங்குநரின் ஆள் தணிக்கைக்கு வந்து கதவைத் தட்டிப் பார்ப்பார், எத்தனை பேருக்கு எத்தனை கூடம் என்று எண்ணுவார், எல்லாம் சரியாக இருக்கும். கதவு திறந்துதான் கிடக்கிறது. ஊக்கத்தொகையை லைனுக்கு மொத்தமாகக் கொடுக்கும்போது காவல்காரர் தேவைப்படுவதில்லை, பக்கத்துக் கதிரையே காவல் இருந்துவிடுகிறது.

மாலையில் அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். தளத்தில் 'மிஸ்' என்பவர் பஸ்ஸில் ஏறினால் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவார். அங்கேதான் மீதிக் கதை வந்தது. காலையில் பிளேன்டி பாதிக் கோப்பைதான் குடிப்பாராம். பகல் சாப்பாட்டோடு இரண்டு மிடறு. வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீரைக் கண்டபடி குடிப்பது. "எரிவு புள்ள. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரும். காய்ச்சல் எண்டு சொல்லி லீவு போடுற, வேற என்னெண்டு சொல்ற?" லீவு போட்டால் வருகைக் கொடுப்பனவு போய்விடும். அவர் லைனில் அந்த மாதிரிக் காய்ச்சல்காரிகள் இன்னும் நாலைந்து பேர் உண்டென்று, பெயர் சொல்லாமல் சொன்னார்.

30 நிமிடம், 20 பேர்

அன்றிரவு நான் போட்ட கணக்கு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இடைவேளை போக ஒரு நாள் வேலை 480 நிமிடம். 7-உம் 4-உமாக 11 வீதம் சேர்த்துத்தான் எஸ்.எம்.வி. போடுகிறோம் என்று வைத்தால், அந்த 480-க்குள் சுத்தமான வேலை நேரம் 432 நிமிடம். அதில் 7 வீதம் ஏறத்தாழ 30 நிமிடம். ஒவ்வொரு பெண்ணுக்கும் நாளுக்கு 30 நிமிடம் ஏற்கெனவே விலையில் சேர்ந்திருக்கிறது. லைனில் 20 பேர் என்றால் 600 நிமிடம். ஒரு ஆளின் முழு நாள் 480 நிமிடந்தான்.

அதாவது 20 பேர் கொண்ட லைனுக்கு, யார் எழும்பினாலும் அந்த மெஷினில் உட்காரக்கூடிய ஒரு மேலதிக ஆளை வைப்பதற்கான காசு, காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அப்படி உட்காரும் நேரத்தில் மெஷின் நிற்காததால் அவள் தைப்பதும் உற்பத்திதான். இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பல வேலை தெரிந்த, எங்கு வேண்டுமானாலும் உட்காரக்கூடிய பெண்களை ஆடைத் தொழிற்சாலைகளில் 'ஜம்பர்' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜம்பரை எதற்குப் பாவிக்கிறார்கள் என்றால், ஆள் வராத இடத்தை நிரப்ப. காலை ஏழரைக்கே ஜம்பர் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை எடுத்துப் போனபோது மனேஜர் சேர் சொன்ன பதிலையும் எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் அது முட்டாள்தனமான பதில் அல்ல. "பிள்ளை, 100 வீதத்தில ஓடினாத்தான் உம்மட 7 வீதம். எங்கட லைன் 60-ஐச் சுத்தித்தான் நிக்குது. அப்ப மிச்சம் 40 வீதமும் ஓய்வுதானே? இன்னும் எங்க குடுக்கிற?" அவரும் கல்நெஞ்சர் இல்லை. கப்பல் திகதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பவேண்டும், அந்தக் கூலி தொழிற்சாலையின் தலையில். ஒரு ஓடர் அப்படிப் போனால் அந்த மாத இலாபம் அதோடு போயிற்று. அடுத்த ஓடர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் பாலம் கடந்து வருகிற பஸ்ஸும் நின்றுவிடும். இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை, அவருக்கே இரவில் நித்திரை இல்லாத விஷயம் அது.

ஆனால் அந்த 40 வீதம் ஓய்வு இல்லை. அதை நான் அளந்திருக்கிறேன். துண்டு வராமல் காத்திருந்தது, நூல் அறுந்தது, மெக்கானிக் வரும்வரை கை பிசைந்தது, புது ஸ்டைல் மாறிய முதல் நாட்கள், பிரித்துத் தைத்தது. காத்திருப்பவள் மெஷினை விட்டு எழும்புவதில்லை, எந்த நிமிடமும் துண்டு வந்துவிடலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருப்பதற்குப் பெயர் ஓய்வில்லை. பலகையில் இரண்டும் ஒரே வெற்றிடமாகத் தெரிகின்றன, உடம்பில் இரண்டும் எதிரெதிர். எழும்பி, நாலடி நடந்து, தண்ணீர் குடித்து, போய்வந்த மூன்று நிமிடத்தில் இடுப்பு ஆறுகிற அளவுக்கு, அரை மணித்தியாலம் காத்திருந்தாலும் ஆறாது.

இந்த இடத்தில் எனக்கு அப்பா ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அவர் அம்பாறைப் பக்கம் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய நாட்டாமை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, நாலைந்து பேர் ஒரு கூட்டம், கூலியைச் சமமாகப் பிரிப்பார்கள். நெல் மூட்டை 60 கிலோவுக்கு மேல் இருக்கும். வளர்ந்த ஆண் சுமப்பதற்கு 55 கிலோதான் எல்லை என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்ததை நான் வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன். அப்பாவின் கழுத்தும் முழங்காலும் அந்த எல்லையைத் தாண்டிய கதை வேறு. நான் சொல்லவருவது, அந்தக் கூட்டத்திலும் கூலி கூட்டுக் கூலிதான், ஒருவர் நின்றால் எல்லாருக்கும் நட்டம். ஆனால் எப்போது நிற்பது என்பது அவர்கள் கையில் இருந்தது. மூத்தவர் வெற்றிலைப் பையைத் திறந்தால் லொறி காத்திருக்கவேண்டும், முதலாளியும் காத்திருக்கவேண்டும். இங்கே கூட்டுக் கூலியை மட்டும் கொண்டுவந்துவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துவிட்டார்கள்.

ஊசிக்கு ஒரு நியாயம்

லைனை நிறுத்தவே முடியாது என்று சொல்பவர்களிடம் நான் ஊசியைக் காட்டுவேன். தைக்கும்போது ஊசி முறிந்தால், முறிந்த எல்லாத் துண்டும் கிடைக்கவேண்டும். நுனி கிடைக்காவிட்டால் மெஷினைச் சுற்றிக் காந்தம் போடுவார்கள், நிலத்தைக் கூட்டுவார்கள், அங்கிருந்த துணி முழுவதையும் ஒதுக்கிச் சோதிப்பார்கள். கிடைத்த துண்டுகளைப் பொருத்தி, பதிவேட்டில் ஒட்டி, நேரம் எழுதி, கையொப்பம் வைத்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். எத்தனை துண்டு டார்கட் போனாலும் இதில் ஒருவரும் முணுமுணுப்பதில்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் தோலில் அந்த நுனி குத்தக் கூடாது என்பது வாங்குநரின் நிபந்தனை. நல்ல நிபந்தனை. ஊசி முறிந்தது விரலுக்குள் ஏறி என்றால், விரலுக்கு மருந்து போட்டு விடுவார்கள், ஊசித் துண்டுக்குப் பதிவேடு வைப்பார்கள்.

கடுமையாக இருக்கிறதென்று தெரியும். ஆனால் இது ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. நிற்பதால் வரும் நட்டத்தை விட நிற்காததால் வரும் நட்டம் பெரிது என்று யாராவது எழுத்தில் விலை போட்டுவிட்டால், லைன் ஒரு கேள்வியும் கேட்காமல் நிற்கும். கொலர் அக்காவின் எரிவுக்கு அப்படி ஒரு விலையை யாரும் எழுதவில்லை. அது வேறு பதிவேட்டில் 'காய்ச்சல்' என்றும், மனிதவளப் பிரிவில் 'வரவின்மை' என்றும், ஆண்டு முடிவில் 'விலகியோர்' என்றும் சிதறிப்போகிறது. விலகியவர் இடத்தில் புதிதாக ஒருத்தியைக் கொலர் பூட்டப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். பலகை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பேசும், இந்தச் செலவுகள் மாதக் கடைசியில் வேறு அறையில் பேசும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆள் பார்ப்பதில்லை.

ஜம்பரைப் பூட்டிவைத்தல்

கடைசியில் ஒரு லைனுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, இரண்டரையிலிருந்து நாலு வரை ஜம்பரை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. அவள் முதல் மெஷினிலிருந்து வரிசையாக வருவாள். தோளைத் தொட்டால் எழும்பவேண்டும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்தக் 'கட்டாயம்' என் யோசனையில்லை, ஜம்பர் பெண்ணின் யோசனை. "கேட்டுக் கேட்டுப் போனா ஆரும் எழும்பாதுகள் மிஸ், நான் வந்து நிண்டா எழும்பித்தான் ஆகணும் எண்டு வையுங்க" என்றாள். சரியாகச் சொன்னாள். விருப்பத்துக்கு விட்டால் நல்ல பிள்ளை என்று பெயர் எடுக்க நினைப்பவள் எழும்பமாட்டாள். எழும்பாதவளைப் பார்த்து மற்றவளும் எழும்பமாட்டாள்.

நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற கணவன் மனைவி, எங்கள் தொழிலின் முன்னோர்கள். கைக்குட்டை மடிக்கும் பெண்களுக்கு ஐந்து நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு என்று வைத்தார்கள். கொஞ்ச நேரம் இருந்து, கொஞ்ச நேரம் நின்று செய்யவைத்தார்கள். முன்பைவிட மூன்று மடங்குக்கு மேல் மடித்தார்கள் என்பது பதிவு. அந்த மூன்று மடங்கை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அவர்கள் மேசை, கதிரை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள், தொடங்கிய இடமும் மோசமான இடம். ஆனால் ஓய்வை வேலையின் ஒரு பகுதியாக, கடிகாரத்தோடு திட்டமிட வேண்டும் என்பதை ஸ்டொப் வோச் பிடித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய தெம்பு. அவர்களிடமிருந்து வினாடியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓய்வை விட்டுவிட்டு வந்தது நாங்கள்தான்.

நடந்தது என்ன? பதினொரு மணிச் சிவப்பு மங்கியது, மறையவில்லை. பிரித்துத் தைப்பது குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. கொலர் அக்காவின் போத்தல் பகலுக்குள் ஒருமுறை நிரப்பப்பட்டது. பிறகு ஒரு திங்கட்கிழமை, ஊரில் திருவிழா, ஆறு பேர் வரவில்லை. ஜம்பரைக் கைப்பட்டிக்குப் போட்டார்கள். அடுத்த நாள் கொடுக்கிறோம் என்றார்கள், கொடுக்கவில்லை. நான் போய்ச் சண்டை பிடித்துத் திருப்பி எடுத்தேன். அதற்குள் ஸ்டைல் மாறிவிட்டது, சட்டை போய் வேறொரு உடுப்பு வந்தது, கச்சானும் ஓய்ந்தது. முன்னையும் பின்னையும் ஒப்பிட்டு இத்தனை வீதம் கூடியது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னிடம் எண் இல்லை. தொழிற்சாலை என்பது ஆய்வுகூடம் இல்லை, எதையும் அசையாமல் பிடித்துவைத்து ஒன்றை மட்டும் மாற்ற அது விடாது. விழவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். ஒரு ஆளை 'சும்மா' வைத்திருந்தும் லைன் எண் விழவில்லை. மனேஜர் சேருக்கு அது போதுமாக இருந்தது, இரண்டாவது லைனுக்கும் ஒத்துக்கொண்டார். எனக்குப் போதவில்லை.

போதாததற்குக் காரணம், என் வாதத்தின் பாதி வேறொரு பதிவேட்டில் கிடக்கிறது. ஆகவே மெடிக்கல் ரூம் நேர்ஸ் மிஸ்ஸிடம் போனேன். யார் யார், எந்த லைன், என்ன முறைப்பாடு, எந்த மணித்தியாலம் என்று ஒரு பட்டியல் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் கணக்கைத் தந்தா ஆர நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டார். நான் அப்படி நினைக்கவே இல்லை என்றேன். "நீங்க நினைக்க மாட்டீங்க. நாளைக்கு உங்கட கதிரையில இன்னொராள் இருப்பார். அடிக்கடி எரிவு வாறவள், கருத்தரிச்சவள், முதுகு நோ எண்டவள், எல்லாரிட பேரும் ஒரே தாளில இருக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அந்தத் தாள் எங்க போகும் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது நியாயம். அளப்பதால் ஒரு பெண்ணுக்கு நாற்பது வினாடி மிச்சம் பிடிக்கவும் முடியும், அவளையே லைனிலிருந்து கழித்துவிடவும் முடியும். ஸ்டொப் வோச் பிடித்தவள் அதை அறியாதவள் இல்லை. அன்று வெறுங்கையோடு திரும்பி, பிறகு வேறு மாதிரிக் கேட்டேன். பெயர் வேண்டாம், ஊழியர் எண் வேண்டாம், வயது வேண்டாம். லைன் எண், காலையா மாலையா, மூன்றே மூன்று வகை: சிறுநீர் எரிவு, இடுப்பு கழுத்து நோவு, தலைச்சுற்று. மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை மட்டும். தாள் அவர் கையெழுத்தில் இருக்கட்டும், மூலப் பதிவேடு அவர் அலுமாரியை விட்டு வெளியே வரவேண்டாம். நாலு பேருக்குக் குறைவாக வந்த வகைக்கு எண் போடாமல் கோடு மட்டும் போடுவேன், இல்லாவிட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர் ஒரு நிபந்தனை சேர்த்தார். ஒத்துக்கொண்டேன். முதல் தாள் இந்த மாதக் கடைசியில் வரும். அதை மணித்தியாலப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டலாமா, மனேஜர் அறையில் மட்டும் வைக்கலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் இணக்கமில்லை. லைனுக்கு முன்னால் ஒட்டினால் எந்த லைனில் எரிவு என்று பையன்கள் கேலி பண்ணுவார்கள் என்கிறார் நேர்ஸ் மிஸ். அறைக்குள் வைத்தால் அது இன்னொரு கோப்பாகிவிடும் என்கிறேன் நான்.